ஒரு கல்லை வரையப் பழகுதல்: சீன மலைநீர் ஓவியம் பற்றிச் சில குறிப்புகள்

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் என் மேசையில் கிடந்த தாள் கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எல்லாத் தாளிலும் கல். சின்னக் கல், பெரிய கல், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த கல். "எட்டு மாசமா இதையேவா வரையறீங்க? அதுவும் புக்கைப் பார்த்து? காப்பி அடிக்கிறதுல என்னங்க கலை இருக்கு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. டீ ஆறிப்போகும், குடிங்க என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்வி புதுசே இல்லை. சீனாவிலேயே ஓவியர்களும் அறிஞர்களும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு கடுமையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு கல்லை எப்படி வரைகிறார்கள் என்பது தெரிய வேண்டும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் ஓவியன் இல்லை. ஆசிரியரிடமும் கற்கவில்லை. ஒரு பழைய கையேட்டின் மறுபதிப்பு, அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பெரிய அளவுப் படங்கள், நிறைய கெட்டுப்போன தாள்கள், இவ்வளவுதான் என் படிப்பு.

மலையும் நீரும்

சீன மொழியில் நிலக்காட்சி ஓவியத்துக்கு 'ஷான்ஷுய்' என்று பெயர். ஷான் என்றால் மலை, ஷுய் என்றால் நீர். ஒரு இடத்தின் தோற்றத்தை அப்படியே பதிவு செய்வது இந்த மரபின் முதல் நோக்கம் இல்லை. பார்ப்பவர் உள்ளே போய் நடக்கவும் உட்காரவும் ஓர் உலகத்தைக் கட்டித் தருவதுதான் நோக்கம். ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோங் பிங் (375–443) என்பவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வாழ்நாள் முழுக்க மலைகளில் சுற்றியவர், வயதாகி நோய் வந்து ஏற முடியாமல் போனதும், பார்த்த மலைகளை அறைச் சுவர்களில் வரைந்து வைத்துக்கொண்டு படுத்தபடியே பயணம் போனாராம். மலைநீர் ஓவியம் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கட்டுரைகளில் ஒன்று அவர் எழுதியது.

ஆறாம் நூற்றாண்டில் ஷியே ஹே என்ற விமர்சகர் ஓவியத்துக்கு ஆறு நெறிகள் வகுத்தார். முதல் நெறி உயிர்மூச்சின் ஓட்டம். படத்தில் உயிர் அசைய வேண்டும் என்பது. இரண்டாவது, தூரிகைக் கோட்டில் எலும்பு இருக்க வேண்டும். இப்படியே போய் ஆறாவது நெறியாக அவர் வைத்தது, முன்னோர் படங்களைப் பார்த்து வரைந்து அவற்றைக் கைமாற்றித் தருவது. ஆக, காப்பி என்பது இந்த மரபில் திருட்டுத்தனமாக நடக்கும் விஷயம் கிடையாது. விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் கடைசி இடத்தில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

நான்கு பொருட்கள்

தூரிகை, மை, தாள், மைக்கல். இந்த நான்கையும் சீனர்கள் 'படிப்பறையின் நான்கு செல்வங்கள்' என்பார்கள்.

மை கட்டியாக வரும். பைன் மரத்தையோ துங் மர எண்ணெயையோ எரித்துப் புகைக்கரியைச் சேகரித்து, விலங்குப் பசையோடு பிசைந்து, அச்சில் வார்த்துக் காயவைப்பார்கள். விளக்குப் புகையைப் பிடித்துக் கண்மை செய்வார்களே, கிட்டத்தட்ட அதே அடிப்படைதான். சேர்க்கும் பசை மட்டும் நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் வகை. இந்தக் கட்டியை மைக்கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சந்தனம் இழைக்கிற மாதிரி மெதுவாக வட்டமாக இழைக்க வேண்டும். நல்ல கருப்பு வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 1865-இல் தொடங்கிய பீஜிங்கின் யீதேகே கடை பாட்டில் மையைப் பரவலாக்கிவிட்டது. இன்று பெரும்பாலான மாணவர்கள் பாட்டில் மைதான் பயன்படுத்துகிறார்கள். நானும் அப்படித்தான்.

பசை ஏன் முக்கியம்? காய்ந்த பிறகு கரித்துகளைத் தாளோடு பிடித்து வைப்பது அதுதான். முடிந்த ஓவியத்தைப் பின்னால் இன்னொரு தாள் ஒட்டி விரைப்பாக்கும்போது முழுத் தாளையும் நனைக்க வேண்டியிருக்கும். பசை சரியாக இருந்தால் கோடு அசையாது. பசை குறைந்த மட்டமான மையாக இருந்தால், பல நாள் உழைப்பு ஒரு நிமிடத்தில் கலங்கிவிடும். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

தாளுக்கு ஷுவான் தாள் என்று பெயர். ஆன்ஹுய் மாகாணத்தில் ஜிங் என்ற வட்டாரத்தில், நீலச் சந்தனம் என்று சீனர்கள் அழைக்கும் மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் சேர்த்துச் செய்கிறார்கள். (பெயரில்தான் சந்தனம், நம் சந்தன மரத்துக்கும் அதற்கும் உறவில்லை.) அந்தக் கைத்தொழிலை 2009-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதில் இரண்டு வகை முக்கியம். 'பச்சைத் தாள்' அப்படியே தண்ணீரை உறிஞ்சும். 'வெந்த தாள்' படிகாரமும் பசையும் பூசியது, உறிஞ்சாது. நுணுக்கமான கோட்டு வேலைக்கு வெந்தது. மையைப் பரவவிட்டு வரைய பச்சை.

பச்சைத் தாள்தான் எல்லாக் கஷ்டத்துக்கும் காரணம், எல்லா அழகுக்கும் காரணம். தூரிகை ஒரு விநாடி தயங்கினால் அந்த இடத்தில் மை வட்டமாகப் பரவிவிடும். அழிக்க முடியாது. மேலே வெள்ளை பூசி மறைப்பதும் கிடையாது. இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு கோடு விழுந்த இடத்தில் நார்கள் ஏற்கெனவே மையைக் குடித்துவிட்டதால், அதன் மேல் போடும் அடுத்த கோடு முழுமையாக இறங்காது. இரண்டுக்கும் நடுவே எல்லை தெரியும். அதனால் நல்ல கண் உள்ளவர் எந்தக் கோடு முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்று சொல்லிவிடுவார். இந்த ஒரு விஷயத்தில்தான் நண்பரின் கேள்விக்கான பதில் ஒளிந்திருக்கிறது. பிறகு வருகிறேன்.

தூரிகை முடியில் ஆட்டு முடி மென்மையானது, நிறைய தண்ணீர் பிடிக்கும். வீசல் என்ற, கீரியை ஒத்த சிறு விலங்கின் வால் முடி துள்ளலானது, அழுத்தினால் திரும்ப நிமிரும். இரண்டும் கலந்ததும் உண்டு. ஆரம்பிப்பவர்களுக்குக் கலப்பு முடி நல்லது.

ஒரு கல், ஐந்து வேலை

சரி, கல்லுக்கு வருவோம். மரபு ஐந்து படிகளைச் சொல்கிறது.

முதலில் உருக்கோடு. தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, நுனி கோட்டின் நடுவில் ஓடும்படி இழுப்பது 'நடுநுனி'. கோடு உருண்டையாக, உள்ளே வலு உள்ளதாகத் தெரியும். தூரிகையைச் சாய்த்து, நுனி ஒரு ஓரத்தில் போகும்படி இழுப்பது 'பக்கநுனி'. ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் பிசிறாகவும் வரும். கல்லின் உருக்கோடு ஒரே தடிமனில் போகக் கூடாது. திரும்பும் இடத்தில் அழுத்தம், நீளும் இடத்தில் தளர்வு.

இரண்டாவது 'சுன்'. கல்லின் முகத்தில் இருக்கும் மடிப்பு, வெடிப்பு, சொரசொரப்பைக் காட்டும் கோடுகள். வரிக்கோடுகள் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லுக்கு மூன்று முகம் என்பது பழைய பாடம். மேல்முகம் வெளிச்சம், பக்கங்கள் இருட்டு. மேலே கோடு குறைவு, பக்கத்தில் அடர்த்தி.

மூன்றாவது உரசல். கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையைப் படுக்கவைத்து, வரிக்கோடுகளுக்கு இடையில் லேசாகத் தேய்ப்பது. நான்காவது நீர்த்த மை பூசுவது. ஐந்தாவது புள்ளி. பாசி, புதர், தூரத்து மரம் எல்லாமே அந்தப் புள்ளிகள்தான். கல்லையும் மண்ணையும் கட்டிப் போடுவதும், தப்பான கோட்டை மறைப்பதும்கூட அவைதான் (இந்தக் கடைசிப் பயனை நான் நிறையவே எடுத்துக்கொண்டேன்).

இதெல்லாம் ஒரே மையில் நடக்கிறது. ஆனால் மையில் ஐந்து நிறம் உண்டு என்பார்கள். எரிந்த கருப்பு, அடர்த்தி, கனம், வெளிர், தெளிவு. தண்ணீரின் அளவுதான் வித்தியாசம். சொல்வதற்கு எளிது. தூரிகையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது விரலுக்குத் தெரிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

கோட்டுக்குள் இருக்கும் ஊர்

வரிக்கோடுகளின் பெயர்களைக் கேட்டால் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் போய் வந்த மாதிரி இருக்கும். சணல்நார் வரி, கோடரி வெட்டு வரி, மழைத்துளி வரி, சுருள்மேக வரி, பிரிகயிறு வரி, தாமரை இலை நரம்பு வரி, மடித்த கச்சை வரி. முதலில் இவற்றை ஏதோ அலங்கார முறைகள் என்றுதான் நினைத்தேன். சீனாவின் நிலவியலைக் கொஞ்சம் படித்த பிறகு விஷயம் வேறு என்று புரிந்தது.

பத்தாம் நூற்றாண்டில் தென்சீனத்தில் வாழ்ந்த தோங் யுவான், அவருக்குப் பின் வந்த துறவி ஜூரான் ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படுவது சணல்நார் வரி. யாங்ட்சிக்குத் தெற்கே மண் மூடிய, மழை நனைத்த, வட்டமான குன்றுகள் அதிகம். நீளமான, மென்மையான, நடுநுனிக் கோடுகள் அந்த மண்ணுக்குப் பொருந்துகின்றன. வடக்கே ஷான்ஷி பக்கம் வாழ்ந்த ஃபான் குவான் கையாண்டது மழைத்துளி வரி. குட்டையான, குத்துகிற மாதிரியான கோடுகள். மொட்டைப் பாறை முகத்தில் காற்றும் மழையும் அரித்த தழும்புகள் அப்படித்தான் இருக்கும். தென் சோங் காலத்து மா யுவான், ஷியா குயி ஆகியோரின் கோடரி வெட்டு பக்கநுனியில் வருவது. பட்டை பட்டையாகப் பிளந்த கடினப் பாறை அது.

அதாவது ஒவ்வொரு வரியும், யாரோ ஒருவர் ஒரு மலையை ரொம்ப நாள் பார்த்துக் கண்டுபிடித்த விடை. விடையை மட்டும் மனப்பாடம் செய்தால் என்ன ஆகும்? அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மூன்று தொலைவுகள்

அதற்கு முன் ஒரு சிறு விலகல். கற்களை அடுக்கினால் மலை வரும், மலையை எங்கிருந்து பார்ப்பது? குவோ ஷி என்ற வட சோங் அரசவை ஓவியரின் கருத்துகளை அவர் மகன் குவோ சி நூலாகத் தொகுத்தார். அதில் மூன்று தொலைவுகள் வருகின்றன. அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயர் தொலைவு. முன்மலையிலிருந்து பின்மலைகளுக்குள் எட்டிப் பார்ப்பது ஆழ் தொலைவு. அருகிலுள்ள மலையிலிருந்து தூரத்து மலைகளைப் பார்ப்பது சமத் தொலைவு. 1072-இல் குவோ ஷி வரைந்த 'இளவேனில் தொடக்கம்' தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே படத்தில் மூன்று தொலைவும் உண்டு.

மேற்கத்திய முறையில் கண் ஓரிடத்தில் நிற்கும், கோடுகள் எல்லாம் ஒரு புள்ளிக்கு ஓடும். இங்கே கண் நடக்கிறது. நீள்சுருள் ஓவியத்தை வலமிருந்து இடமாக, கைகளுக்கு இடைப்பட்ட அளவு மட்டும் விரித்து, பார்த்து, சுருட்டி, மேலும் விரிப்பார்கள். படம் முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணுக்குக் கிடைக்காது. மலைப்பாதையும் அப்படித்தானே.

கையேடு விரித்த வலை

1679-இல் 'கடுகு விதைத் தோட்டக் கையேடு' என்ற நூலின் முதல் பகுதி வந்தது. பெயர், எழுத்தாளர் லி யூவின் சிறு தோட்டத்திலிருந்து வந்தது. அவர் முன்னுரை எழுதினார். வாங் காய் என்ற ஓவியர், பழைய மாதிரிகளை விரிவாக்கித் தொகுத்தார். மரம், கல், வீடு, மனிதர், பிறகு முழுக் காட்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்கும். இலைகளில் எத்தனை வகை, கிளை பிரிவது எப்படி, யாருடைய கல் எப்படி இருக்கும் எல்லாம் உண்டு. ஆசிரியரோ நல்ல ஓவியங்களோ அருகில் இல்லாதவர்களுக்கு இந்த நூல் பெரிய வரம். ஹுனானில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த ச்சி பாய்ஷி (1864–1957) ஏறக்குறைய இருபது வயதில், வேலைக்குப் போன வீட்டில் இதன் முழுமையற்ற பிரதி ஒன்றைக் கண்டார். கடன் வாங்கி, இரவுகளில் தாள் வைத்து ஒற்றி எடுத்து, அரை ஆண்டில் முடித்தார் என்று அவர் நினைவுக் குறிப்புகளில் வருகிறது. இருபதாம் நூற்றாண்டுச் சீனாவின் மிகப் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவர் அப்படித்தான் தொடங்கினார்.

நானும் அதே வழியில் போனேன். மூன்று மாதம் கழித்து என் கற்களைப் பார்த்தால் கம்பி வளைத்துச் செய்த மாதிரி இருந்தன. உருவம் சரி, புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது. ஆனால் உயிர் இல்லை. என்ன தப்பு என்று புரியவில்லை. கை சரியில்லை என்று நினைத்து இன்னும் நூறு கல் வரைந்தேன். இன்னும் நூறு கம்பி.

பிறகுதான் உறைத்தது. கையேடு மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது. முதல் பதிப்பில் பல கட்டைகள் வைத்து வண்ணமும் அச்சிட்டார்கள். என்னிடம் இருப்பது போன்ற மலிவான மறுபதிப்புகளில் மிஞ்சுவது கருப்புக் கோடு மட்டும். உளி செதுக்கிய கோட்டில் ஈரம், காய்ச்சல், வேகம், தயக்கம் எதுவும் இருக்காது. எல்லாம் ஒரே கருப்பு. அது தூரிகைக் கோட்டின் எலும்புக்கூடு. நான் உளியைக் காப்பி அடித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தின் மேல் தப்பில்லை. அது ஒரு அகராதி. அகராதியை மனப்பாடம் செய்துவிட்டு ஏன் பேச வரவில்லை என்று கேட்டால் எப்படி?

ஃபுச்சுன் மலைகள்

அப்போதுதான் ஹுவாங் கோங்வாங் வரைந்த 'ஃபுச்சுன் மலைகளில் வாழ்தல்' படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் 1269-இல் பிறந்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு சில ஆண்டுகள் எடுத்து இதை வரைந்தார். 1350-இல் எழுதிய குறிப்பு படத்திலேயே இருக்கிறது. 1650-இல் அப்போதைய உரிமையாளர் சாகும் தறுவாயில் இதைத் தன் கூடவே வர வேண்டும் என்று நெருப்பில் போடச் சொன்னார். அவர் உறவினர் ஒருவர் எடுத்துக் காப்பாற்றினார். அதற்குள் துண்டாகிவிட்டது. சிறு துண்டு, சுமார் 51 சென்டிமீட்டர், ஹாங்சோவில் உள்ள ஜேஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறு மீட்டருக்கு மேல் நீளமான மற்ற துண்டு தைபேயில். இரண்டும் 2011-இல் தைபேயில் ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

திரையில் பெரிதாக்கினால் சணல்நார் வரிகள் தெரிகின்றன. கீழே வெளிரிய ஈரக் கோடுகள். அவை காயத் தொடங்கியபோது மேலே காய்ந்த, கருமையான கோடுகள். சில இடத்தில் உருக்கோடு முதலில், சில இடத்தில் வரி முதலில் வந்து உருக்கோடு பிறகு. ஒரு இடத்தில் மனசு மாறி மலைச்சரிவை நீட்டியிருக்கிறார் என்றுகூடத் தோன்றுகிறது. பச்சைத் தாளில் நான் கற்ற அந்தச் சின்ன விஷயம், எந்தக் கோடு முதலில், எது பிறகு, இங்கே உதவியது. அழிக்க முடியாத மையில் வரைந்த படம் என்பது கை நகர்ந்த வரிசையின் பதிவு. இசைத்தட்டு மாதிரி. நான் பார்த்து வரைய வேண்டியது மலையின் உருவத்தை அல்ல, அந்தக் கை போன வழியை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு சீன மரபில் காப்பிக்கு ஏன் மூன்று சொற்கள் என்று தெளிவாயிற்று. 'மோ' என்றால் மேலே தாள் வைத்து ஒற்றி எடுப்பது. 'லின்' என்றால் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைவது. 'ஃபாங்' என்றால் மூலம் முன்னால் இல்லாமல், அந்த ஓவியர் இதை எப்படிக் கையாண்டிருப்பார் என்று நினைத்துத் தன் படத்தை வரைவது. முதலாவது கண்ணுக்கு, இரண்டாவது கைக்கு, மூன்றாவதுக்கு ஆளே வேண்டும். நான் ஒற்றி எடுப்பதிலேயே நின்றுவிட்டிருந்தேன்.

காப்பி எவ்வளவு தூரம் கண்ணைக் கட்டும் என்பதற்கும் இதே படம் சாட்சி. 1745-இல் பேரரசர் ச்சியான்லோங்கிடம் ஒரு ஃபுச்சுன் சுருள் வந்தது. அது போலி. அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், ஆண்டுக்கணக்காக அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதித் தள்ளினார். அடுத்த ஆண்டே உண்மையான சுருள் வந்து சேர்ந்தது. பேரரசர் அதைத்தான் நகல் என்று முடிவு செய்தார்! ஒரு விதத்தில் நல்லதாயிற்று. உண்மையான படத்தின் வெற்றிடங்கள் அவர் எழுத்திலிருந்து தப்பித்தன.

"இதை ஒழிக்க வேண்டும்"

நண்பரின் கேள்வியை என்னைவிட நூறு ஆண்டுக்கு முன்பே, இன்னும் கோபமாகக் கேட்டவர் சென் துஷியு. பின்னாளில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910களின் இறுதியில் 'புதிய இளைஞர்' இதழில் ஓவியப் புரட்சி வேண்டும் என்று எழுதினார். அவர் குறி வைத்தது பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் 'நான்கு வாங்'குகளை. வாங் ஷிமின், வாங் ஜியான், வாங் ஹுய், வாங் யுவான்ச்சி. முன்னோரின் முறையில் வரைவதையே பெருமையாக எண்ணியவர்கள், அரசவை ஆதரவும் பெற்றவர்கள். படத்துக்குப் படம் 'இன்னாரின் முறையில்' என்று எழுதிவைத்தவர்கள். அவர்கள் வழி வந்தவர்கள் மலையையே பார்க்காமல் மலை வரைகிறார்கள், மேற்கின் மெய்ம்மைவாதம் வந்தால்தான் இந்த நோய் தீரும் என்பது சென் துஷியுவின் வாதம். பாரிஸில் படித்துத் திரும்பிய ஷு பெய்ஹோங் (1895–1953) பென்சில் வரைவையும் நேரில் பார்த்து வரைவதையும் கல்வியின் அடிப்படையாக்கப் பாடுபட்டார். ஹாங்சோவில் பான் தியான்ஷோ (1897–1971), இரண்டு மரபும் தனித்தனிச் சிகரங்கள், கலந்தால் இரண்டும் குட்டையாகிவிடும் என்ற நிலையில் நின்றார். ஓவியக் கல்லூரியில் முதலாண்டு மாணவன் கையில் பென்சிலைக் கொடுப்பதா, பழைய சுருளைக் கொடுப்பதா என்ற சண்டை இது. ஒரு மரபு பிழைக்குமா என்பதும் அதில் அடங்கியிருந்தது.

நான்கு வாங்குகளுக்கு நியாயம் செய்ய வேண்டும். வாங் யுவான்ச்சியின் நல்ல படங்களில் மலைகள் புரண்டு எழுவது போல ஒரு கட்டுமானம் இருக்கிறது, அது யாருடைய காப்பியும் இல்லை. ஆனால் சென் துஷியு சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. என் கம்பிக் கற்களே சாட்சி.

காப்பியின் இன்னொரு முனை ஜாங் தாச்சியான் (1899–1983). பதினேழாம் நூற்றாண்டின் ஷிதாவோவை அவர் நகலெடுத்தால் தேர்ந்த சேகரிப்பாளர்களே ஏமாந்தார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1957-இல் பத்தாம் நூற்றாண்டுப் படம் என்று வாங்கியது, அவர் கைவேலை என்று இன்று கருதப்படுகிறது. ஏமாற்று வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அதே மனிதர் பாலைவனத்தில் துன்ஹுவாங் குகைகளில் இரண்டாண்டுக்கு மேல் தங்கிச் சுவரோவியங்களைப் பிரதி எடுத்தார். முதுமையில் மையையும் நீலப் பச்சையையும் தாளில் ஊற்றிப் பரவவிட்டு, அவருக்கு முன் யாரும் வரையாத மலைகளை வரைந்தார்.

வெளியே வரும் வழி

ஃபான் குவான் பற்றி, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த அரசவை ஓவியப் பட்டியல் ஒரு செய்தி சொல்கிறது. முதலில் லி செங் என்ற ஓவியரைப் பின்பற்றினார். பிறகு, மனிதரிடம் கற்பதைவிடப் பொருள்களிடம் கற்பது மேல், அதைவிடத் தன் மனத்திடம் கற்பது மேல் என்று உணர்ந்து மலைக்குப் போய்விட்டார். அவருடைய 'ஓடைகளும் மலைகளும் நடுவே பயணிகள்' தைபேயில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான பட்டு. முக்கால்வாசி ஒரே பாறை. கீழே வலப்பக்கம் எறும்பு போலக் கோவேறு கழுதைகள். பக்கத்து இலைகளுக்குள் ஒளிந்திருந்த அவர் கையெழுத்தை 1958-இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாறையின் மழைத்துளி வரிகளைப் பார்த்தால், இவர் யாரையோ பார்த்துத் தொடங்கியவர் என்று நம்பவே முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் லி கெரான் (1907–1989) அதே பாதையில் நடந்தார். மேற்கத்திய வரைவு தெரிந்தவர். நாற்பதை ஒட்டிய வயதில் ச்சி பாய்ஷியிடமும் ஹுவாங் பின்ஹோங்கிடமும் மாணவராகச் சேர்ந்தார். 1954-இல் தூரிகையும் மையுமாகத் தெற்கே போய் நேரில் பார்த்து வரைந்தார். முழு பலத்தோடு மரபுக்குள் நுழை, முழுத் துணிச்சலோடு வெளியே வா என்பது அவர் கருத்தின் சாரம். நுழையாமல் வெளியே வர முடியாது. நுழைந்துவிட்டு உள்ளேயே படுத்துக்கொள்ளவும் கூடாது.

ஹுவாங் பின்ஹோங் (1865–1955) எனக்கு இன்னும் நெருக்கம். வாழ்நாள் முழுக்கப் பழைய படங்களைப் பார்த்து வரைந்தவர். கூடவே மலை மலையாகச் சுற்றிக் கணக்கில்லாமல் குறிப்புப்படங்கள் எடுத்தவர். எண்பதுகளின் இறுதியில் கண்புரையால் பார்வை மங்கியது. ஆனாலும் வரைவதை நிறுத்தவில்லை. கோட்டின் மேல் கோடு, மையின் மேல் மை, கன்னங்கரேல் என்று மலைகள். உள்ளே அங்கங்கே ஒரு வெளிச்சப் பொட்டு, இரவில் மலைவீட்டில் விளக்கு எரிகிற மாதிரி. 1953-இல் அறுவை சிகிச்சை செய்து பார்வை திரும்பியது. அந்தக் கருப்பு மலைகளை வரைந்தபோது எதைப் பார்த்தார்? கண்ணால் முழுதாகப் பார்த்திருக்க முடியாது. எழுபது ஆண்டு காப்பி எடுத்த கை பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

கலப்பு முடித் தூரிகை ஒன்று, பாட்டில் மை, வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு கிண்ணம் தண்ணீர் (ஒன்று கழுவ, ஒன்று கலக்க), தாளுக்கு அடியில் விரிக்க ஒரு கம்பளித் துண்டு. இது போதும். மைக்கல் பிறகு வாங்கலாம். முதல் மாதம் வெறும் கோடு மட்டும். தூரிகையை நிமிர்த்தி, மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல். அடுத்து ஒரு கல். கையேட்டில் உருவத்தைப் பாருங்கள், ஆனால் அருங்காட்சியகப் படத்தில் மையைப் பாருங்கள். வரைவதற்கு முன், எந்தக் கோடு முதலில் விழுந்தது என்று விரலால் காற்றில் ஒரு முறை போய்ப் பாருங்கள். பிறகு வெளியே போய் நிஜமான ஒரு கல்லைப் பத்து நிமிடம் பாருங்கள். எந்த வரி அதற்குப் பொருந்துகிறது? எதுவும் பொருந்தவில்லையா? அதுவும் நல்ல செய்திதான்.

நேற்று நண்பருக்குப் போன் செய்தேன். "அன்னைக்குக் கேட்டீங்களே, அதுக்கு இப்பதான் பதில் கிடைச்சுது" என்று இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப என்ன வரையறீங்க?" என்றார்.

கல்தான். ஆனால் இந்த முறை கிணற்றடியில் துணி துவைக்கிற கல். எந்தக் கையேட்டிலும் இல்லாதது. இன்னும் சரியாக வரவில்லை.